பானெட்டில் ஒரு கை

காலை ஆறு மணிக்கே வந்துவிடுங்கள் என்றான் லூர்து.
எஞ்சின் தூக்கத்திலிருந்து எழும்போதுதான்
அதன் நிஜக் குரல் கேட்குமாம்.

வெளிநாட்டில் இரண்டுக்கும் ஒரே பெயர்.
இங்கே மட்டும் பிந்திப் பிறந்ததை
லாரா என்று கூப்பிட்டார்கள்.
இரண்டின் முதுகிலும் அதே சின்னப் பட்டை: ஆர்.எஸ்.
தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிகிற மச்சம்.

சனிக்கிழமை, லாஸ்பேட்டை. மூத்த ஆக்டேவியா.
கறுப்பு, பிஒய் நம்பர், ஐந்து கியர், வயது இருபது.
கூரைத் துணி தளர்ந்து
பின்சீட்டில் யார் உட்கார்ந்தாலும் தலையைத் தடவும்.
டிரைவர் பக்கக் கண்ணாடி இறங்கும், ஏறாது;
அதைக் கதவு திறக்குமுன்பே சொல்லிவிட்டார்
பெனுவா சவரிநாதன்.
பானெட்டில் கை வைத்தேன். சில்லென்றிருந்தது.
பனியில் என் ஐந்து விரலும் பதிந்தன.
சாவியைத் திருப்பினேன்.
இருமியது.
இன்னொரு முறை இருமியது.
பிறகு, சரி, வந்துதானே ஆகவேண்டும் என்பதுபோல்
நின்று நிதானித்தது.

ஞாயிறு, மஞ்சக்குப்பம்.
சிவப்பு லாரா, ஆறு கியர், டாக்டர் ஓட்டிய வண்டி.
'சார் வரலியாம்மா?' என்றார் புரோக்கர் கலியமூர்த்தி.
'நான்தான் சார்' என்றேன்.
லூர்து லேப்டாப்பைச் செருகினான். ஒரு குறையும் இல்லை.
இவ்வளவு சுத்தமாக இருந்தால், என்றான் என் காதில்,
நேற்று ராத்திரி அழித்திருக்கிறார்கள்.
பானெட்டில் கை வைத்தேன்.
மணி ஆறு பத்து.
இட்லித் தட்டு மாதிரி வெதுவெதுப்பு.
எனக்கு முன்னால் யாரோ வந்து
அதை எழுப்பி, முகம் கழுவி
உட்கார வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அது ஓடிய ஓட்டம் இருக்கிறதே!
பெண்ணையாற்றுப் பாலத்தில் மூன்றாவது கியரில்
என் முதுகை சீட்டோடு சேர்த்து ஆணி அடித்தது.
ஆற்றைப் பார்க்க நேரமில்லை.
திரும்பும்போது ஸ்டீயரிங் வெண்ணெய்.
வெண்ணெய்தான் எனக்கு இடித்தது:
சக்கரத்தின் கீழ் தாரா மணலா என்று
அது வாயே திறக்கவில்லை.
பழையது எல்லாம் சொன்னது.
இசிஆர் சாலையின் ஒவ்வொரு ஒட்டையும்
பெயர் சொல்லி.

'லாராவே எடுங்கக்கா' என்றான் லூர்து.
'செயின் சத்தம் ஒண்ணுதான், மாத்திடலாம்.
பழசுக்கு ஒரு கண்ணாடி மோட்டாருக்கு
கோயம்புத்தூர் வரைக்கும் அலையணும்.'
அவன் கணக்கில் தப்பில்லை.
நான் பதினெட்டு வருஷமாய்
அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவள்.
கறுப்பு வண்டியின் இடது ஃபெண்டரைத் தட்டினால்
வேறு சத்தம் வருகிறது என்று எனக்கும் தெரியும்.
'ஒட்டின எலும்பு லூர்து,
எங்கே ஒடிந்தது என்று தெரிந்தால் போதும்' என்றேன்.
'அக்கா, அது எலும்பு இல்ல' என்றான்.
'பட்டி.'

இரண்டு லட்சத்து முப்பத்தைந்தாயிரம்.
பெனுவா ரூபாயை இரண்டு தடவை எண்ணினார்.
கையெழுத்துப் போட்டபின் ஒன்று ஞாபகம் வந்தவராய்
'மழையில் இடது பக்கமாய் நிறுத்துங்கள்' என்றார்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
ஐப்பசியில் தெரிந்தது.

நேற்று முள்ளோடை பங்கில் வரிசை.
கடலூர்க்காரர்கள் எல்லாம் எல்லை தாண்டி
ரூபாய் கம்மிக்கு டேங்க் நிரப்பும் நேரம்.
பக்கத்துக் குழாயில் அந்தச் சிவப்பு லாரா.
நம்பரைப் பார்த்தேன், அதேதான்.
புது ஓனர், சின்னப் பையன், பூனை மீசை.
என் வண்டியின் முதுகில் இருந்த பட்டையைப் பார்த்தான்,
பிறகு ஃபெண்டரை, பிறகு என்னை.
நான் அவன் எஞ்சினுக்குக் காது கொடுத்தேன்.
செயின், லேசாக, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.

சொல்லலாமா என்று நினைத்தேன்.
அவன் கண்ணாடி ஏறியே இருந்தது.
என்னுடையது
இறங்கியே இருந்தது.